தாழ்ப்பாள் மட்டும் செருமவில்லை

விளக்கு வைத்து, செபமாலை சொல்லி முடித்து, பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திவிட்டுத் தெக்லா நிமிர்ந்தபோது வாசலில் யாரோ செருமுகிற சத்தம் கேட்டது. பெண்டுபிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குள் நுழையுமுன் ஆம்பிளைகள் வெளியே நின்று தொண்டையைக் கனைத்து, நான் வந்திருக்கிறேன், சேலையைச் சரிசெய்ய வேண்டியவர்கள் சரிசெய்துகொள்ளலாம் என்று தெரிவிப்பார்களே, அந்தச் செருமல். ஆனால் அது எந்த ஆம்பிளைத் தொண்டையிலிருந்தும் வந்ததல்ல என்பது கேட்டவுடனே தெரிந்தது, ஏனென்றால் அதில் கொஞ்சம் ஆவி இருந்தது, கொஞ்சம் துவரம்பருப்பு மணமும் இருந்தது.

தெக்லாவுக்கு இருபத்து நாலு வயசு. புருஷன் இஸ்தாக்கி தோணியில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய் இருபது நாளாகியிருந்தது. வாசல் கதவு தாழ்ப்பாள் போடாமல் வெறுமனே சாத்தியிருந்தது, அதற்கு முட்டுக்கொடுத்து ஒரு மூட்டை உப்பு நின்றது. அப்படிப்பட்ட நேரத்தில் அப்படிப்பட்ட செருமலைக் கேட்கிற எந்தப் பெண்ணும் "யாரது?" என்று கத்தியிருப்பாள், இல்லை அரிவாள்மணையைத் தேடியிருப்பாள். தெக்லாவின் கையும் அரிவாள்மணைப் பக்கம் நீளத்தான் செய்தது. ஆனால் அவள் பன்னிரண்டு வருஷம் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்; அங்கே வகுப்பு வாசலில் யார் வந்து நின்று செருமினாலும், அது கல்வி அதிகாரியானாலும் சரி, தொலைந்துபோன ஆட்டைத் தேடி வந்தவரானாலும் சரி, நாற்பது பிள்ளைகளும் எழுந்து நின்று ஒரே குரலில் இங்கிலீஷில் உள்ளே அழைக்க வேண்டும். பயமும் பழக்கமும் தொண்டைக்குள் மல்லுக்கட்டியதில் பழக்கம் ஜெயித்தது.

"யெஸ், கமின்," என்றாள் தெக்லா.

உடனே பக்கத்து வீட்டுக் கொர்னேலி மைனியின் குக்கர் விசில் அடித்தது.

சங்குமேட்டில் சத்தங்கள் மரியாதை கற்றுக்கொண்டது இப்படித்தான். ஏன் அன்றைக்கு, ஏன் அந்தக் குக்கர் என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை, குக்கரும் சொல்லவில்லை. ஆனால் யாருக்காக என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, ஏனென்றால் தொட்டிலில் கிடந்த ஜெசிந்தாவுக்குச் சத்தம் ஆகாது என்பது உப்பளத்திலிருந்து ரயிலடி வரைக்கும் தெரிந்த விஷயம்.

பிறந்த எட்டாம் நாள் கோவில் மணி அடித்தபோது அது முதலில் தெரிந்தது. மற்றப் பிள்ளைகள் மணிச்சத்தத்துக்குச் சிணுங்கும், அழும், சில நல்ல பிள்ளைகள் தூங்கும். ஜெசியோ ஒரு துள்ளு துள்ளி, கையும் காலும் நீட்டி, தோணித் துடுப்பு மாதிரி விறைத்துப்போனாள். விறைத்த பிள்ளை மூச்சு விடவும் மறந்துபோகும். உதடு நாவல்பழ நிறத்துக்குப் போகும். பிறகு எங்கிருந்தோ ஞாபகம் வந்தாற்போல மூச்சை இழுத்து, உடம்பு இளகி, எதுவும் நடக்காதது போல அம்மாவைப் பார்த்துச் சிரிக்கும். கதவு சாத்தினால் விறைப்பு, கரண்டி விழுந்தால் விறைப்பு, மாமா ஒருவர் ஆசையாக "பே!" என்று சொன்னதற்கு விறைப்பு. ஊரிலே பயந்த கோளாறு என்றார்கள். தீர்த்தம் தெளித்தார்கள், கறுப்புக் கயிறு கட்டினார்கள், காற்று கறுப்பு அண்டாமலிருக்கத் தொட்டிலைச் சுற்றித் தகரம் தட்டலாம் என்று யோசனை சொன்ன ஒருவரைத் தெக்லா துடைப்பத்தோடு தெருமுனை வரை வழியனுப்பிவைத்தாள்.

மதுரையில் ஒரு பெரிய டாக்டர்தான் கண்டுபிடித்தார். அவர் ஊசியும் போடவில்லை, குழாயும் வைக்கவில்லை. பிள்ளையின் மூக்கு நுனியில் சுண்டுவிரலால் மெல்ல ஒரு தட்டு தட்டினார். ஜெசி துள்ளினாள். மறுபடி தட்டினார். மறுபடி துள்ளினாள். டாக்டர் முகத்தில் அரிய பறவையைக் கண்டவருடைய சந்தோஷம் வந்து, பிறகு தாயின் முகத்தைப் பார்த்ததும் அது வெட்கப்பட்டு மறைந்தது. நரம்பைச் சேர்ந்த நோய், பிறவியிலேயே வருவது, அப்பா பக்கத்திலிருந்து ஒரு மரபணு, அம்மா பக்கத்திலிருந்து ஒரு மரபணு, இரண்டும் சந்தித்துக்கொண்டால்தான் வரும் என்றார். மருந்து எழுதினார், வயசாக ஆக விறைப்பு குறையலாம் என்றார்.

"இப்படி இன்னொரு பிள்ளை இருக்கா டாக்டர்?" என்று தெக்லா கேட்டாள்.

"நானே புத்தகத்துலதாம்மா பார்த்திருக்கேன். எங்கேயாவது இருப்பாங்க."

அந்த 'எங்கேயாவது' என்கிற ஊரைத் தெக்லா பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியாகத் தேடிக்கொண்டே வந்தாள். அது எந்தக் கைகாட்டிப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை.

இரண்டு குடும்பமும் மரபணுவைக் கேள்விப்பட்டதும் கைகழுவின. "எங்க வம்சத்துல ஏழு தலைமுறையா ஒருத்தனும் எதுக்கும் பயந்ததில்ல, புயலுக்கே தூங்குத ஆளுக," என்றாள் இஸ்தாக்கியின் அக்காளான கொர்னேலி மைனி. "எங்க வீட்ல பயப்படுறதுக்கு யாருக்கும் நேரமே இருந்ததில்ல," என்று தெக்லாவின் அண்ணன் ரெமிஜியுஸ் போனில் சொன்னான். எனவே மரபணு இரண்டும் தானாகத் தெருவில் நடந்து வந்து ஏறிக்கொண்டதாக முடிவாயிற்று.

மதுரையிலிருந்து திரும்பிய அன்றைக்குத்தான் தாழ்ப்பாள் விவகாரம் நடந்தது. அசதியில் தெக்லா வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். டக். தோளில் தூங்கிய பிள்ளை விறைத்தது. தெக்லா எண்ண ஆரம்பித்தாள். எண்ணுவது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த வைத்தியம். பத்து, இருபது, இருபத்தைந்து. ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட வயசாகிய முப்பத்து மூன்று வந்தபோதுதான் மூச்சு திரும்பியது. அன்றிலிருந்து அவள் தாழ்ப்பாளைத் தொடவில்லை. உப்பு மூட்டையை இழுத்து வைத்துவிட்டு, கதவைப் பார்த்தபடி, திருடனுக்கு ஒரு கண்ணும் பிள்ளையின் மூச்சுக்கு ஒரு கண்ணுமாகப் படுத்துக்கிடந்தாள்.

ஆகவே அந்தச் செருமல் எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை அவள் அன்றைக்கே புரிந்துகொண்டாள். இரண்டாவது விசிலுக்குக் குக்கர் செருமியது, அவள் ஓடிப்போய்ப் பிள்ளையின் நெஞ்சில் ஒரு கையும் காதில் ஒரு கையும் வைத்தாள், "கமின்" என்றாள், விசில் அடித்தது, ஜெசி லேசாக ஒரு துள்ளு துள்ளினாள், அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும் கோவில் மணி செருமியது. ஆயர் பிரசங்கத்துக்கு முன் செருமுவாரே, அது போல ஊர் முழுக்கக் கேட்கும்படிக் கனமாகச் செருமிவிட்டு, அடிக்காமல் நின்றது. மணியடிக்கிற லாசர் உபதேசியார் கயிற்றில் தொங்கினார், காலைத் தூக்கி ஊஞ்சல் ஆடினார், மணி நாக்கு அசையவில்லை. "மணிக்குத் தொண்டை கட்டியிருக்கு," என்று தீர்மானித்து, ஏணி வைத்து ஏறி, மிளகும் சுக்கும் பனங்கற்கண்டும் போட்டுக் காய்ச்சிய கஷாயத்தை மணியின் நாக்கில் தடவினார். தூங்கிக்கொண்டிருந்த தெக்லா அந்த நேரத்தில்தான் விழித்து, வாசலில் ஏதோ பெரிய மனுஷர் வெகுநேரமாகக் காத்து நிற்கிறார் என்று உணர்ந்து, பிள்ளையை அணைத்துக்கொண்டு "கமின்" என்றாள். மணி அடித்தது. ஏணியில் நின்ற உபதேசியார் அதற்கப்புறம் இரண்டு நாள் யார் என்ன சொன்னாலும் "ஆமென்" என்று மட்டும் பதில் சொன்னார்.

ஒரு வாரத்துக்குள் எல்லாச் சத்தமும் பழகிவிட்டது. உப்பு லாரியின் ஹாரன் புகையிலை போட்ட தொண்டையில் செருமியது. மீன்காரரின் சைக்கிள் ஹாரன் இரண்டு தடவை அவசரமாகச் செருமியது, மீன் கெட்டுப்போகுமே. தெருநாய் வாசலுக்கு வந்து, பெரியவர் போலக் கனைத்து, தெக்லா பாத்திரம் கழுவிவிட்டு வந்து "கமின்" என்று சொல்வதற்குள் எதற்காகக் குரைக்க வந்தோம் என்பதை மறந்துவிட்டுத் திரும்பிப் போனது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதலில் கோபமாகவும், பிறகு சலிப்பாகவும், பிறகு தண்ணீர் லாரி வருகிற நேரத்தைப் போல வாழ்க்கையில் ஒரு நேரமாகவும் எடுத்துக்கொண்டது. பங்குச் சாமியார், "மரியாதை தெரியாத ஆளுக நிறைஞ்ச ஊர்ல மணியாவது மரியாதையா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். வேறு யார் கமின் சொன்னாலும் சத்தம் அசையவில்லை, வீட்டுக்காரி வாயால்தான் சொல்ல வேண்டும். தாழ்ப்பாள் போடாத கதவுதானே, எல்லாரும் நேரே உள்ளே வந்துவிடுவார்கள். "ஏளா தெக்லா, என் விசிலுக்கு ஒரு கமின் போடுளா, பருப்பு கூழாப் போவுது!" "மூணாவது விசிலுக்கும் சேத்துச் சொல்லிரேன், ஒனக்கென்ன காசா பணமா?" தெக்லா குளிக்கப் போனால் சங்குமேடு முழுக்க ஊமையாகி, குக்கர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு, லாரிகள் மூலையில் நின்று, மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த பேண்டு வாத்தியக்காரர்கள் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்பார்கள்; அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து வரிசையாகக் "கமின், கமின், கமின்" என்று சொன்னதும் ஊர் ஒரேயடியாகப் பெருமூச்சு விடும். தேர்தல் வந்தபோது ஒரு வேட்பாளரின் ஒலிபெருக்கி மூன்று நாள் வாசலில் செருமிக்கொண்டே நின்றது. தெக்லா மூன்று நாளும் ஏதோ வேலையாக இருந்தாள். அந்த ஒரு காரணத்துக்காக அவள் பெயரில் இரண்டு பேர் கோவிலுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார்கள்.

மாலத்தீவிலிருந்து இஸ்தாக்கி கூப்பிட்டபோது கைப்பேசி, மடத்துப் பிள்ளை போல நாணமாகச் செருமியது.

"கமின்," என்று சொல்லிக்கொண்டே தெக்லா எடுத்தாள்.

"யாரளா உள்ள கூப்பிடுத?" என்றான் அவன். "வீட்ல யாரு?"

"உங்க போனைத்தான் கூப்பிட்டேன்."

"என் போனையா? அது என் கையிலல்லா இருக்கு!"

அதை அவனுக்கு விளங்க வைப்பதற்குள் காசு தீர்ந்து இணைப்பு அறுந்துவிட்டது. அவன் அடுத்த தடவை கூப்பிடும் வரை பொறாமையில் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

மரபணுவின் மதிப்பும் கூடிப்போயிற்று. "மணியையே வாசல்ல நிக்க வைக்கிதுன்னா அது எங்க பக்கத்து மரபணு," என்றாள் கொர்னேலி மைனி. "அதெல்லாம் இல்ல, எங்க தாத்தா செருமினாலே கடலு பின்வாங்கும்," என்று ரெமிஜியுஸ் அண்ணன் போனில் சண்டை போட்டான். டாக்டர் ஆளுக்கொன்று என்று சொன்னதை அப்போதுதான் இருவரும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் ஊர் சிரித்தபோதும் தெக்லா முழுசாகச் சிரிக்கவில்லை. ஏனென்றால் வெளியிலிருந்து வருகிற சத்தங்கள்தான் செருமின. வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிற சத்தங்களுக்கு அந்தக் கடமை கிடையாது. சொந்த வீட்டில் எவர் செருமிக்கொண்டு நடமாடுவார்? டம்ளர் விழுந்தது, செருமவில்லை. அலமாரி திறந்தது, செருமவில்லை. தெக்லாவின் சொந்தத் தும்மலே செருமாமல் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் தாழ்ப்பாள், கதவில் குறுக்கே படுத்துக்கொண்டு, நான் இந்த வீட்டு ஆள் என்கிற திமிரோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விறைப்புக்கும் அவள் எண்ணினாள். முப்பத்து மூன்றைத் தாண்டிவிடுகிற ஒரு நாள் வரும் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் 'எங்கேயாவது' என்கிற ஊரில் இருந்தார்கள்.

ஜெசிக்கு ஒன்றரை வயசான மாதத்தில் ஒருநாள் மத்தியானம் வாசலில் ஒரு செருமல் கேட்டது. தெக்லா பிள்ளையை அணைத்துக்கொண்டு "கமின்" என்றாள். சத்தம் எதுவும் வரவில்லை. உப்பு மூட்டையை முழங்காலால் தள்ளிக்கொண்டு ஒரு பொம்பளை வந்தாள். முப்பது வயசிருக்கும், தலையில் வெள்ளரிக்காய்க் கூடை, கையைப் பிடித்தபடி ஏழு வயசுப் பெண்பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு முன்னால் ஒரு தலையணையும் பின்னால் ஒரு தலையணையும் கயிற்றால் கட்டியிருந்தது.

"ரயிலுக்கு மரியாதை கத்துக்குடுத்தது நீதானா தாயி?" என்றாள் அவள்.

அவள் பெயர் வெயிலுகந்தாள், சாத்தூர்க்காரி, ஸ்டேஷன் நடைமேடையில் வெள்ளரிக்காய் விற்பவள். புருஷனுக்குச் சரவெடி கோக்கிற வேலை. "வெடி செய்யிற ஊர்ல வெடிக்கு ஆகாத பிள்ளையைப் பெத்துருக்கேன், சாமிக்கு எம்மேல என்ன கோவமோ, இல்ல வெளையாட்டோ," என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து, தன் கதையை விரித்தாள். சங்குமேட்டிலிருந்து போகிற காலை ரயில் தினமும் சாத்தூரில் ஊதுமாம், அவள் மகள் மாரிக்கனி தினமும் வெட்டின மரம் போல விழுவாளாம், தலையணை கட்டினது அதற்காகத்தானாம். நேற்றுக் காலை அந்த ரயில் ஊதுவதற்குப் பதிலாகச் செருமியிருக்கிறது. செருமிவிட்டு நின்றிருக்கிறது. பன்னிரண்டு நிமிஷம். டிரைவர் இறங்கி வந்து எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார். கடைசியில் சங்குமேட்டு உப்புத் தரகர் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "யாருக்காகச் செருமுதோ அவுக கமின்னு சொல்லுங்கய்யா, இல்லன்னா பொழுதுக்கும் நிக்கும், எங்க ஊர் ரயிலு அப்பிடித்தான்," என்றிருக்கிறார்.

"அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாது தாயி. எம்மகளைத் தயாராப் புடிச்சிக்கிட்டேன், கமின்னேன். ஊதுச்சு. ஏழு வருசத்துல மொதத் தடவையா எம்பிள்ள விழல. அந்த உப்புக்காரரு கையப் புடிச்சி உங்க தெருப் பேரக் கேட்டுக்கிட்டேன். இன்னைக்கி வியாவாரத்த விட்டுட்டு ஏறி வந்துட்டேன்."

பிறகு அவள் ஜெசியைப் பார்த்தாள். விரலை நீட்டி, மூக்கு நுனிக்கு ஒரு நூல் தள்ளி நிறுத்தி, தொடாமல், தெக்லாவிடம் கேட்டாள்:

"தட்டுனாகளா?"

"தட்டினாங்க," என்றாள் தெக்லா.

"துள்ளுச்சா?"

"துள்ளிச்சு."

"ரெண்டாந்தடவையும்?"

தெக்லா தலையை ஆட்டினாள். எங்கேயாவது என்கிற ஊர் வெள்ளரிக்காய்க் கூடையோடு வந்து அவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தது. அவள் சிரித்தாள், சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது, வந்தவளுக்கு நீட்டின தண்ணீர் டம்ளர் கையிலிருந்து நழுவியது.

டணார்.

இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் விறைத்தார்கள். தெக்லா "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினாள். வெயிலுகந்தாள் எண்ணவில்லை, ஜெசியைத் தூக்கி, ஒரு கையால் தலையை முன்னுக்கு வளைத்து, இன்னொரு கையால் முழங்கால்களை வயிற்றோடு சேர்த்து, துவைத்த சேலையை மடிக்கிற மாதிரி இரண்டாக மடித்தாள். தெக்லா "நாலு" என்று சொல்லும்போது பிள்ளை மூச்சு விட்டது.

நாலு. தெக்லா அந்த எண்ணை நம்பாமல் இன்னொரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

"மடிக்கணும் தாயி," என்றாள் வெயிலுகந்தாள், தலையணை மேல் பத்திரமாகக் கிடந்த தன் மகளைத் தூக்கி நிறுத்திக்கொண்டே. "நீட்டிக்கிட்டா மூச்சு போற வழி மறந்துரும், மடிச்சா வந்துரும். ஒரு டாக்டரம்மா சொல்லிக்குடுத்தாக. உனக்கு யாரும் சொல்லலியா? சரி, நான் சொல்லிட்டேன்ல."

அதற்குப் பிறகு ரயில் தன் வேலையைப் பார்த்தது. போகிற ஸ்டேஷனில் எல்லாம் செருமியது. செருமின இடத்தில் எல்லாம் யாராவது ஒருத்தர் கூட்டத்திலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். கோவில்பட்டியிலிருந்து ஒரு தாய் இரட்டைப் பிள்ளைகளோடு வந்தாள். கடம்பூரிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார், நாற்பத்தைந்து வயசு, அவரே நோயாளி. பள்ளிக்கூட மணிக்குப் பலகையோடு சேர்ந்து விழுவதைப் பார்த்து ஊரில் எல்லாரும் குடிகாரர் என்றார்களாம், இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரியாத காலத்தில் அவரும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாராம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் தெக்லா வீட்டில் கூடினார்கள். எந்த மருந்து தூக்கத்தைக் கெடுக்கும், எந்தச் செருப்பு வழுக்காது, பள்ளிக்கூடத்தில் எப்படிச் சொல்லிச் சேர்ப்பது என்று பேசினார்கள். அப்பளம் பரிமாறத் தடை இருந்தது.

மூன்றாவது கூட்டத்தில் வெயிலுகந்தாள் தும்மினாள். சாத்தூர் மிளகாய் தின்று வளர்ந்த மூக்கு, தும்மலும் அந்தக் காரத்தில் வந்தது. நாலு பிள்ளைகளும் விறைத்தார்கள், வாத்தியார் வாழைத்தாராகச் சாய்ந்தார். தாய்மார் மடித்தார்கள், கை போதவில்லை. வாசலில் விசிலுக்கு அனுமதி கேட்க வந்து நின்ற கொர்னேலி மைனி உள்ளே பாய்ந்து இரட்டையில் ஒன்றை மடித்தாள். அவள் பின்னாலேயே ஓடிவந்த லாசர் உபதேசியார் வாத்தியாரை மடிக்கப் பார்த்தார்.

"யோவ், என்னை விடும்! பெரியவங்களை மடிக்கக் கூடாது, பின்னால நின்னு தாங்கினா போதும்!" என்று வாத்தியார் தரையிலிருந்து கத்தினார்.

அன்று சாயங்காலத்துக்குள் சங்குமேடு முழுக்க மடிக்கப் பழகிவிட்டது. மீன்காரர் பழகினார், லாரி டிரைவர்கள் பழகினார்கள், உபதேசியார் திருப்தி வராமல் ஒரு வெள்ளாட்டை மடித்துப் பார்த்து முட்டு வாங்கினார். ஊர் தனக்குத் தெரிந்த விதத்தில் அந்த நோயைக் கற்றுக்கொண்டது.

இன்னும் ஒரு வருஷம் போயிற்று. ஜெசிக்கு இரண்டரை வயசு. பொம்மை நடப்பது போல விறைப்பாக நடந்தாள், ஓடுகிறபோது விழுந்தாள், விழுந்தபோது யாராவது ஒருத்தர் மடித்தார்கள். அந்த வருஷத்துத் திருவிழாவுக்குக் கமிட்டிக்காரர்கள், இரண்டு வருஷமாக வெடி இல்லாமல் நடத்தின குறை தீர, சாத்தூரிலிருந்து பத்தாயிரம் வெடி கோத்த சரம் ஒன்று வாங்கினார்கள். அதில்தான் தப்பு நடந்தது. வெடிச்சரம் ஒரு சத்தம் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள்.

இஸ்தாக்கி மறுபடி தோணியில் போயிருந்தான்; திருவிழாவுக்கு வெயிலுகந்தாளும் மாரிக்கனியும் வந்து தெக்லா வீட்டில் தங்கியிருந்தார்கள். இருட்டி, தேர் நிலைக்கு வந்ததும், உபதேசியார் திரியைக் கொளுத்தினார். திரி சீறியது. முதல் வெடி செருமியது. பெண்கள் பிள்ளைகளை மடித்துக்கொண்டார்கள், தெக்லா "கமின்" என்றாள். டப். இரண்டாவது வெடி செருமியது. "கமின்." டப். மூன்றாவது செருமியது.

"ஏத்தா," என்றாள் வெயிலுகந்தாள், "ஒண்ணொண்ணும் தனித்தனியா வருதே!"

ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் வந்தது. நானூறு வரைக்கும் தெக்லா சொன்னாள். பிறகு நாக்கு ஒட்டிக்கொண்டது, தண்ணீர் குடித்தாள், அந்த இடைவெளியில் மிச்சம் ஒன்பதாயிரத்து அறுநூறு செருமலும் தெருவில் நெருக்கியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தன. நோஞ்சான் செருமல், சளிச் செருமல், நான் எவ்வளவு நேரம் நிற்பது என்கிற அதிகாரச் செருமல். திரி எரிந்துகொண்டே இருந்தது. சத்தத்துக்கும் ஓரளவுக்குத்தான் மரியாதை. பின்னால் நின்றவை முன்னால் நின்றவற்றைத் தள்ளின. கதவு உள்பக்கமாக ஒரு விரற்கடை நகர்ந்தது. உப்பு மூட்டை சரசரவென்று பின்வாங்கியது.

"உள்ள வந்துரும் அக்கா," என்றாள் தெக்லா. குரல் போய்விட்டிருந்தது. "அத்தனையும் வீட்டுக்குள்ள வந்து வெடிச்சா... ஒரு தடவைக்கு மடிக்கலாம். ஒன்பதாயிரம் தடவை எப்படி மடிக்க?"

"தாழ்ப்பாளப் போடு!"

"அது டக்குங்கும்! முப்பத்து மூணு எண்ண வச்சது அதுதான்!"

இரண்டு தலையணைக்கு நடுவிலிருந்து மாரிக்கனி பேசினாள். "சித்தி, பாப்பாவையே போடச் சொல்லுங்க. நான் கொளுத்திப்போட்ட வெடி வெடிச்சா நான் விழ மாட்டேன். வேற ஆளு போட்டாத்தான் விழுவேன்."

"நெசந்தான் தாயி," என்றாள் வெயிலுகந்தாள், முதுகைக் கதவுக்குக் கொடுத்துக்கொண்டு. "தன் கையால எழுப்புற சத்தம் தன்னை அறியும். என்னால ரொம்ப நேரம் தாங்க முடியாது, சட்டுன்னு முடிவெடு!"

தெக்லா பிள்ளையைத் தூக்கினாள். முழங்காலை வயிற்றோடு சேர்த்து, தலையைத் தன் கழுத்தில் சாய்த்து, பாதி மடித்தபடியே தாழ்ப்பாளுக்கு நேராகப் பிடித்தாள். ஜெசி தாழ்ப்பாளைப் பார்த்தாள். தாழ்ப்பாள் ஜெசியைப் பார்த்தது. பிள்ளை அதன் குமிழைப் பிடித்தாள், ஆனால் தள்ளவில்லை. அவளுக்குத் தெரிந்த உலகத்தில் எந்தச் சத்தமும் சும்மா வருவதில்லை. ஆகவே, இத்தனை நாள் இந்த வீட்டில் செருமாமல் இருந்த அந்தத் திமிர் பிடித்த சத்தத்துக்காக, தொண்டையைச் சுருக்கி, மூக்கைச் சுளித்து, ஜெசி தானே செருமினாள். செருமிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.

பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம்தான் தெக்லாவுக்குப் பதிலாகப் பேசியது.

"யெஸ்," என்றாள். "கமின்."

டக்.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. பிள்ளையின் மூச்சு தாயின் கழுத்தில் சூடாகப் பட்டுக்கொண்டேயிருந்தது. கால் இளகியே இருந்தது, கை குமிழை விடவில்லை. விறைத்தது வெளியேதான். தங்களிடம் சொல்லாமல் கொள்ளாமல் விழுந்த அந்த ஒரு சத்தத்தில் ஒன்பதாயிரத்து அறுநூறு வெடியும் துள்ளி, நெட்டுக்கு நிமிர்ந்து, தெரு முழுக்கத் தீக்குச்சிகள் போல விறைத்துச் சாய்ந்தன. உபதேசியாரும் கமிட்டிக்காரர்களும் அவற்றை எப்படி மடிப்பது என்று தெரியாமல் கூடை கூடையாக அள்ளிக் கடற்கரைக்குக் கொண்டு ஓடினார்கள்.

"இன்னொருக்க," என்றாள் ஜெசி.

திறந்தாள், செருமினாள், காத்திருந்தாள், தள்ளினாள். டக். சிரித்தாள். இன்னொருக்க. மாரிக்கனி எண்ணிக்கொண்டு வந்தாள். பதினோராவது தடவை திறந்தபோது கதவிடுக்கில் கொர்னேலி மைனியின் ஒரு கண் தெரிந்தது.

"ஏளா தெக்லா, கதவத் தொறளா! அடுப்புல இறால் வேகுது, விசிலு வாசல்ல நிக்கி, ஒரு கமின் சொல்லிட்டுப் போளா!"

தெக்லா தன் மகளைப் பார்த்தாள். ஜெசி செருமினாள்.

"காலையில வாங்க மைனி," என்றாள் தெக்லா.

டக்.